டிட் மாஸ்டர்

எங்கள் ஆங்கில ஆசிரியருக்கு ‘டிட் மாஸ்டர்’ என்று பட்டம் வைத்தது யார் என்று கேட்டால், எங்களுக்கு முந்தைய வகுப்புக்காரர்களைத்தான் நாங்கள் காட்டுவோம். அவர்கள் தங்களுக்கு முந்தையவர்களைக் காட்டுவார்கள். எப்படியோ, நாங்கள் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெயர் பழசாகியிருந்தது. அவருக்கும் அது தெரியும். ஒருநாள் பின்வரிசையில் யாரோ மெல்ல அந்தப் பெயரைச் சொன்னபோது, கரும்பலகையிலிருந்து திரும்பாமலே, “யெஸ், ஐ டிட் ஹியர் தட்” என்றார். வகுப்பே சிரித்தது. சொன்ன வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதி, அன்றைய பாடத்தை அதிலிருந்தே தொடங்கிவிட்டார்.

அவர் போட்ட நாடகங்களைப் பற்றியும் விவாத அணியைப் பற்றியும் இந்த மலரில் வேறு யாராவது எழுதுவார்கள். என்னிடம் இருப்பது அந்த ஒரு பாடம்தான்.

ஆங்கிலத்தில் கேள்விக்கும் மறுப்புக்கும் ‘டூ’ வேண்டும் என்பது எல்லோரும் படித்ததுதான். டூ யு நோ ஹிம்? ஐ டோன்ட் நோ ஹிம். ஆனால் தெரியும் என்று சொல்வதற்கு ‘டூ’ தேவையில்லை. ஐ நோ ஹிம் என்றாலே போதும். இதை நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம். அப்புறம் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ‘ஐ டூ நோ ஹிம்’ என்று வந்தது. அச்சுப்பிழையா சேர் என்று ஒருவன் கேட்டான்.

“அச்சுப்பிழை இல்லையடா, சண்டை” என்றார்.

அந்தச் சண்டையை அவர் நடத்திக் காட்டியதுதான் பாடம். முன்வரிசைப் பையன் ஒருவனைப் பார்த்து, “யு டிடின்ட் பிரிங் யுவர் புக்” என்றார். புத்தகம் அவன் முன்னாலேயே கிடந்தது. அவன் எழுந்து, “ஐ பிராட் மை புக், சேர்” என்றான். போதாது என்றார். “நீ கொண்டுவரவில்லை என்று நான் சொல்கிறேன். நீயோ எனக்குப் புதிதாகச் செய்தி சொல்வது மாதிரிச் சொல்கிறாய். என் வாயிலிருந்து வந்த ‘டிடின்ட்’டுக்கு உன் பதில் எங்கே?”

பையன் யோசித்து, “ஐ டிட் பிராட்” என்றான். அதுவும் போதாது. அந்த இடத்தில்தான் அவர் எங்களுக்குச் சூத்திரம் மாதிரி ஒன்றைச் சொன்னார்: காலத்தை ‘டூ’ வாங்கிக்கொண்டால் வினைச்சொல் வெறுங்கையோடு நிற்கும். இறந்தகாலம் ‘டிட்’டுக்குள் போய்விட்டது, பிறகு ‘பிராட்’ எதற்கு? ‘பிரிங்’ போதும். அதேபோல் ‘ஹி நோஸ்’ என்பதில் உள்ள ஸகரத்தை ‘டஸ்’ வாங்கிக்கொள்ளும்; ‘ஹி டஸ் நோ’ என்றுதான் வரும். ‘ஹி டஸ் நோஸ்’ கிடையாது.

கடைசியில் பையன், “ஐ டிட் பிரிங் மை புக், சேர்” என்றான். சொல் சரி, குரல் சரியில்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வகுப்பு முழுவதும் சொல்லிப் பழகியது. இந்தக் குரல் விஷயத்தில் நம்மவர்களுக்கு உண்மையிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. தமிழில் எதையாவது வலியுறுத்த வேண்டுமென்றால் சொல்லோடு ஒரு ‘தான்’ அல்லது ஏகாரத்தை ஒட்டிவிடுகிறோம். வேலையை அந்த ஒட்டு பார்த்துக்கொள்ளும். குரல் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘டிட்’டை வாக்கியத்தில் வைத்துவிட்டு, மற்றச் சொற்களைப் போலவே அதையும் சமமாக உச்சரித்தால், காரியம் பாதிதான் ஆகும். அந்த இடத்தில் குரல் உயர்ந்து, பின்னால் வரும் சொற்களில் இறங்க வேண்டும். அவர் ‘டிட்’ என்று சொல்லும்போது சுட்டுவிரலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். நாங்களும் தட்டினோம். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்ததாகவும் ஞாபகம்.

அடுத்த நாள் தமிழ் வாக்கியம் ஒன்றைப் பலகையில் எழுதினார். ஆங்கில ஆசிரியர் தமிழ் எழுதியதே எங்களுக்கு ஆச்சரியம். ‘நான் நேற்று அவனிடம் கடிதத்தைக் கொடுத்தேன்.’ இதில் எங்கெங்கே ‘தான்’ போடலாம் என்றார். நான்தான், நேற்றுத்தான், அவனிடம்தான், கடிதத்தைத்தான் என்று நாலாபக்கமிருந்தும் கத்தினோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இவற்றில் ஒன்றுக்குக்கூட ‘டிட்’ வராது என்றார். நேற்றுத்தான் என்றால் ‘யெஸ்டர்டே’ மேல் குரலை ஏற்றலாம், அல்லது ‘இட் வாஸ் யெஸ்டர்டே தட்’ என்று வாக்கியத்தைத் திருப்பிக் கட்டலாம். எந்த நாள், எந்த ஆள், எந்தப் பொருள் என்ற தகராறுக்கு அதுதான் வழி. கொடுத்தேனா இல்லையா என்பதே தகராறு என்றால்?

கொஞ்ச நேரம் யாருக்கும் ஓடவில்லை. பிறகு ஒருவன், “கொடுக்கத்தான் செய்தேன், சேர்” என்றான்.

டிட் மாஸ்டர் அன்றைக்கு மகிழ்ந்த மாதிரி நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. ஆங்கிலேயன் கொடுத்தலைத் தனியாக நிறுத்திவிட்டு ‘டிட்’டை அழுத்துகிறான், நாமும் ‘கொடுக்க’ என்று வினையைத் தனியாக நிறுத்திவிட்டு ‘செய்தேன்’ என்று துணைக்கு ஆள் கூப்பிடுகிறோம். எங்கேயோ இருக்கிற இரண்டு மொழிகள், கூப்பிட்ட ஆள்கூட ஒரே ஆள். நாங்கள் அதுவரை ஆங்கில இலக்கணத்தை வெளியூர்ச் சாமானாகவே பார்த்துவந்தோம். அதற்குப் பிறகு யாருக்கும் ‘டிட்’ எங்கே போடுவது என்ற குழப்பம் வரவில்லை. ‘செய்யத்தான் செய்தேன்’ என்று தமிழில் சொல்ல முடிகிறதா என்று மனதுக்குள் பார்த்துக்கொள்வோம்.

ஏற்கெனவே ஒரு துணைவினை இருக்கும் வாக்கியத்தில் ‘டூ’வுக்கு வேலை இல்லை. ‘ஐ ஆம் கமிங்’ என்றால் ‘ஆம்’ மேல் அடி விழும். ‘ஷி கேன் ஸ்விம்’ என்றால் ‘கேன்’ மேல். ‘ஷி டஸ் கேன் ஸ்விம்’ என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அதேபோல் ‘ஐம் கமிங்’ என்று சுருக்கிவிட்டால் அழுத்துவதற்கு இடமே போய்விடும். வலியுறுத்த வேண்டுமென்றால் விரித்துத்தான் சொல்ல வேண்டும். எழுத்தில் இது சங்கடம். அழுத்தத்தைக் காட்ட அச்சுக்காரர் அந்த ‘ஆம்’ஐச் சாய்வெழுத்தில் போட வேண்டியிருக்கும். ‘டிட்’டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருக்கத் தேவையில்லாத இடத்தில் அது வந்து நிற்பதே அடையாளம். விதிவிலக்கு என்று பார்த்தால் ஏவல் ஒன்றுதான்: ‘டூ பி கேர்ஃபுல்’ என்னும்போது ‘பி’யோடுகூட ‘டூ’ சேர்கிறது.

எங்கள் வகுப்பில் வேதாகமம் படிக்கிற ஒருவன் இருந்தான். 1611இல் வெளிவந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில், விலக்கப்பட்ட கனியைப் பற்றிக் கேட்கும்போது ஆதாம், ‘அண்ட் ஐ டிட் ஈட்’ என்கிறான். ஏவாளும் அதையே சொல்கிறாள். “இவர்கள் கடவுளோடு சண்டை போடுகிறார்களா, சேர்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. சேர் அதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் செலவழித்தார். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் சாதாரண வாக்கியத்திலும் ‘டூ’, ‘டிட்’ சும்மா வந்து உட்கார்ந்திருக்கும். 16ஆம் நூற்றாண்டில் அது நிறையவே புழங்கியது. ‘ஐ ஏட்’ என்றாலும் ‘ஐ டிட் ஈட்’ என்றாலும் ஒன்றுதான். கவிஞர்களுக்கு அது பெரிய வசதி, ஓர் அசை குறைந்தால் ஒரு ‘டூ’ போட்டு நிரப்பிவிடலாம். போகப் போக அந்தப் பழக்கம் தேய்ந்தது. 1711இல் அலெக்சாண்டர் போப் தம் செய்யுளில், இப்படி அசைநிரப்பும் கவிஞர்களைக் கிண்டல் செய்யும் அடியிலேயே வேண்டுமென்று ஒரு ‘டூ’வைத் திணித்து வைத்தார். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியோடு சேர்த்து வெளியிட்ட இலக்கணத்தில், ‘ஐ லவ்’ என்பதற்குப் பதிலாகச் சும்மா ‘ஐ டூ லவ்’ என்பது கெட்ட வழக்கு என்று எழுதிவிட்டார்.

இதிலிருந்து சேர் எடுத்துக்காட்டியது எனக்கு இன்றும் பிடிக்கும். சும்மா வருகிற ‘டூ’ ஒழிந்துபோனதால்தான், மிச்சமிருக்கிற ‘டூ’வுக்கு இவ்வளவு பலம். எல்லா வாக்கியத்திலும் அது வந்துகொண்டிருந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆகவே எங்கள் கட்டுரைகளில் காரணமில்லாமல் ஒரு ‘டிட்’டைக் கண்டால் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘யார் இல்லை என்றது?’ என்று தமிழில் எழுதுவார்.

இல்லை என்று ஓர் ஆள் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ‘ஹி ப்ராமிஸ்ட் டு கம், அண்ட் ஹி டிட் கம்’ என்னும்போது, வருவானோ மாட்டானோ என்ற ஐயம் காற்றில் இருக்கிறது. ‘ஹி டஸ் ஷவுட் எ லாட், பட் ஹி இஸ் எ குட் மேன்’ என்னும்போது எதிராளியின் குற்றச்சாட்டை முதலில் ஒப்புக்கொண்டு பிறகு நம் கட்சியைச் சொல்கிறோம். (இந்த உதாரணம் மாணவர்கள் போட்டது. யாரைப் பற்றி என்று சேர் கேட்கவில்லை.) ‘டூ சிட் டவுன்’, ‘ஐ டூ ஹோப் யு வில் கம்’ போன்றவற்றில் சண்டை இல்லை, உபசாரம்தான், கேட்பவர் தயங்குவார் என்று நினைத்து முன்கூட்டியே அந்தத் தயக்கத்தை நீக்குகிறோம். ஆனால் கடிதங்களில் வரிக்கு வரி ‘வி டூ அப்ரிஷியேட்’, ‘வி டூ அப்பாலஜைஸ்’ என்று வருவதைப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கை குறையத்தான் செய்கிறது.

கடல் கடந்து வந்த பிறகு சில காலம் உரைபெயர்ப்பாளனாக வேலை பார்த்தேன். ஒரு விசாரணையில் அதிகாரி, முகவரி மாறியதை நீங்கள் அறிவிக்கவில்லை என்று ஒரு பெரியவரிடம் சொன்னார். பெரியவர் பதற்றமில்லாமல், “அறிவிக்கத்தான் செய்தேன், ஐயா. பதில்தான் வரவில்லை” என்றார். சின்ன வாக்கியங்கள், ஆளுக்கொரு ‘தான்’. முதலாவது ‘தான்’ நடந்ததா இல்லையா என்பதைப் பற்றியது, இரண்டாவது எது வரவில்லை என்பதைப் பற்றியது. “ஐ டிட் இன்ஃபார்ம் யு. இட் வாஸ் த ரிப்ளை தட் நெவர் கேம்” என்றேன். ‘ஐ இன்ஃபார்ம்ட் யு’ என்று சொல்லியிருந்தாலும் இலக்கணப்படி சரிதான். ஆனால் அதிகாரியின் மறுப்பைக் கேட்டு, அதை மறுத்துப் பேசுகிறார் என்பது அதில் இருந்திருக்காது. அதிகாரி கோப்பை மறுபடியும் புரட்டத் தொடங்கினார். என் விரல் மேசையைத் தட்டாமல் பார்த்துக்கொண்டேன்.

நம் சங்கத்தின் ஆண்டறிக்கை ஆங்கில வரைவு இந்த முறை திருத்தத்துக்கு என்னிடம் வந்தது. கூட்டம் ‘டிட் கமென்ஸ்’, தலைவர் ‘டிட் வெல்கம்’, சிற்றுண்டி ‘டிட் ஃபாலோ’. மரியாதைக்காகச் சேர்த்தது என்று விளக்கம் கிடைத்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ‘த ட்ரெஷரர் டிட் சப்மிட் த அக்கவுண்ட்ஸ்’ என்ற ஒன்றை மட்டும் எடுக்கக் கூடாது என்று பொருளாளர் தொலைபேசியில் பிடிவாதமாக நின்றார். காரணம் கேட்டேன். கணக்கே காட்டவில்லை என்று கூட்டத்தில் யாரோ எழுந்து சொன்னாராம். சரி, அப்படியென்றால் அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.