நிலுவைப் பட்டியல்

ஜூன் 2
மாணவர் உதவித்தொகை விண்ணப்பங்களை அலுவலர்கள் பரிசீலிக்கும் எங்கள் மென்பொருளில் ஒரு சிக்கல். விருதுநகரிலிருந்து வந்த ஒரு விண்ணப்பம் தரவுத்தளத்தில் இருக்கிறது. மாவட்டமும் ‘நிலுவை’ என்ற நிலையும் சரியாகவே பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் நிலுவைப் பட்டியலைக் கடைசிப் பக்கம் வரை பார்த்து முடித்த அலுவலர், அது தம் கண்ணில் படவே இல்லை என்கிறார். நான் அவரை நம்புகிறேன்.

ஜூன் 3
வேறொரு மாணவியின் பெயர் மூன்றாம் பக்கத்திலும் வருகிறது, நான்காம் பக்கத்திலும் வருகிறது.

ஜூன் 5
இரட்டிப்புக்குக் காரணம் பிடிபட்டது. பட்டியல், பதிவான நேரத்தை மட்டுமே கொண்டு வரிசைப்படுத்தப்படுகிறது. பள்ளிகளோ தம் மாணவர்கள் அனைவரின் விண்ணப்பங்களையும் ஒரே கோப்பாக ஏற்றுகின்றன. எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸில் ‘நவ்’ (இப்போதைய நேரம்) என்று கேட்டால், பரிவர்த்தனை, அதாவது ஒன்றாகச் சேர்த்துப் பதியப்படும் வேலைத்தொகுதி, தொடங்கிய கணத்தையே அது முடியும் வரை தரும். ஆகவே ஒரு பள்ளியின் 60 பிள்ளைகளுக்கும் மைக்ரோவினாடி பிசகாமல் ஒரே நேரம் விழுகிறது. நேரம் சமமாக உள்ளவர்களில் யார் முந்தி, யார் பிந்தி என்பதற்குத் தரவுத்தளம் எந்த உறுதியும் தருவதில்லை. ஒவ்வொரு பக்கமும் தரவுத்தளத்திடம் கேட்கும் தனி வினவல் என்பதால், மூன்றாம் பக்கத்துக்கு ஒருவிதமாகவும் நான்காம் பக்கத்துக்கு வேறுவிதமாகவும் அவர்களை அது அடுக்கலாம். ஒரு பிள்ளை இருமுறை வந்தால், இன்னொரு பிள்ளை வராமலே போகிறது.

ஜூன் 6
வரிசையைக் குறிப்பிடும் ‘ஆர்டர் பை’ கட்டளையில் நேரத்துக்கு அடுத்ததாக விண்ணப்ப எண்ணையும் சேர்த்தோம்; இரட்டிப்பு நின்றது. ஆனால் விருதுநகர் விண்ணப்பம் தனியாக வந்தது, அதே நேரத்தில் பதிவான வேறு எதுவும் இல்லை. அது ஏன் விடுபட்டது?

ஜூன் 9
இன்று அலுவலரின் அருகில் அமர்ந்து அவர் வேலை செய்யும் முறையைப் பார்த்தேன். ‘நிலுவை’ என்று வடிகட்டி, முதல் பக்கத்தில் உள்ள 20 விண்ணப்பங்களுக்கும் முடிவெடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தை அழுத்துகிறார். முடிவெடுத்த கணமே அந்த 20 விண்ணப்பங்களும் நிலுவையிலிருந்து நீங்கிவிடுகின்றன; 21ஆவதாக இருந்தது முதலிடத்துக்கு ஏறிவிடுகிறது. இரண்டாம் பக்கத்துக்கான ஆஃப்செட்டோ (தொடக்கத்திலிருந்து எத்தனை வரிகளைத் தள்ளிவிட வேண்டும் என்ற எண்) முதல் 20ஐத் தள்ளிவிட்டு அடுத்த 20ஐக் கேட்கிறது. தள்ளப்படுபவர்கள் அவர் பார்த்தேயிராத பிள்ளைகள். அவர் முன் வருவது 41ஆவது முதல் 60ஆவது வரை. இப்படியே போனால் பட்டியலில் பாதி அவர் கண்ணுக்கு வராது. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி அங்கே பெயர்களைக் கண்டாலும், புதிதாக வந்தவை என்றே அவர் எண்ணிக்கொள்கிறார். விருதுநகர் விண்ணப்பம் அன்றைய வரிசையில் 33ஆவதாக இருந்திருக்கிறது. அதை யாரும் நிராகரிக்கவில்லை. யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 10
30ஆம் தேதியுடன் பரிசீலனை முடிகிறது.

ஜூன் 12
ஆஃப்செட்டை நீக்குகிறோம். கடைசியாகக் காட்டிய விண்ணப்பத்தின் நேரத்தையும் எண்ணையும் நினைவில் வைத்து, அந்த இணைக்குப் பின்னால் உள்ள 20ஐ மட்டும் கேட்டால், முன்னால் எத்தனை நீங்கினாலும் அடுத்தது இடம் மாறாது. மாவட்டம், நிலை, நேரம், எண் என்ற வரிசையில் ஒரே இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) போட்டதும் கடைசிப் பக்கங்களும் விரைவாக வருகின்றன. தள்ளிவிடும் வரிகளையும் ஆஃப்செட் ஒவ்வொன்றாகக் கடந்தாக வேண்டியிருந்தது. ஏழாம் பக்கத்துக்கு நேரே தாவ முடியாது என்பது உண்மை. பரிசீலிப்பவருக்கு ஏழாம் பக்கம் எதற்கு?

ஜூன் 13
மேலாளர் பக்க எண்கள் வேண்டும் என்கிறார்.

ஜூன் 16
வங்கிக் கணக்கு சரிபார்த்த தேதிப்படி வரிசைப்படுத்தினால், இன்னும் சரிபார்க்கப்படாதவர்களுக்குத் தேதி வெற்றாக இருக்கிறது. வெற்று மதிப்பை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை ‘தெரியாது’ என்றே வருவதால், ‘இதற்குப் பின்னால் உள்ளவை’ என்ற கேள்விக்கு அவர்கள் ஒருபோதும் அகப்படமாட்டார்கள். அதிகம் கவனிக்கப்பட வேண்டியவர்கள் அவர்களே. வெற்றிடத்தை எல்லாத் தேதிகளுக்கும் பிந்திய முடிவிலித் தேதியாகக் கொள்ளுமாறு மாற்றினேன்.

ஜூன் 17
பெயர் வரிசையில் ‘அனிதா’வுக்குப் பின் ‘அன்பு’ வருகிறது. கணினி எழுத்துகளுக்குத் தரும் குறியெண் வரிசையில், மெய்யெழுத்தின் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் இருப்பதே காரணம். தவறுதான், ஆனால் இதனால் ஒருவரும் தொலைவதில்லை. பிறகு பார்க்கலாம்.

ஜூன் 20
அலுவலருக்குக் காட்டப்பட்ட விண்ணப்ப எண்களையும் நிலுவையில் இருந்த எண்களையும் ஒப்பிட்டேன். ஒரு பள்ளியின் கோப்பு முழுவதும் விடுபட்டிருக்கிறது. பத்து மணிக்கு ஏறத் தொடங்கிய அந்தக் கோப்பு 10:04க்குத்தான் உறுதியாகியிருக்கிறது; அதுவரை அது பட்டியலில் தெரியாது. அதற்குள் அலுவலர் 10:02இல் பதிவானவற்றையும் கடந்துவிட்டார். தொடக்கக் கணத்தையே நேரமாகத் தாங்கி வந்த அந்தப் பிள்ளைகள் அவர் ஏற்கெனவே கடந்துவிட்ட பகுதியில் போய் நிற்கிறார்கள். பட்டியல் முடிந்தது என்று திரை சொல்வதற்கு முன் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஒருமுறை வினவ வேண்டும். நிலுவை இருந்தால் அங்கிருந்தே தொடர வேண்டும். இரவுக்குள் எழுதிவிடுவேன். நாளை காலை பெரிய கோப்பு ஒன்று ஏறிக்கொண்டிருக்கும்போதே சோதிக்க வேண்டும்.