வீடியோ கால் தெணறுதா, மொதல்ல சிடிஆர தொறந்து பாருங்க

மீட்டிங்ல படம் ஒடைஞ்சா உடனே "லைன் பத்தல, பேண்ட்வித் ஏத்துங்க"ன்னு கெளம்பிடறாங்க, கால் டீடெய்ல் ரெக்கார்டு, அதாவது சிடிஆர், ஒவ்வொரு கால் பத்தியும் சிஸ்டம் எழுதி வெக்கற பதிவுன்னு ஒண்ணு இருக்கே அத யாருமே தொறந்து பாக்கறதில்ல, எனக்கு இதுல ரொம்பவே ஆதங்கம். யார் யாரை கூப்பிட்டாங்க, எப்போ ஆரம்பிச்சு எப்போ முடிஞ்சுது, எஸ்ஐபியா ஹெச்.323யா (காலை இணைக்கற ரெண்டு முறை), எத்தனை கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட்), ஏன் கட் ஆச்சு, எல்லாம் அதுல இருக்கு. சில சிஸ்டம்ல பேக்கெட் லாஸ் (வழியில தொலைஞ்சு போற டேட்டா), ஜிட்டர் (டேட்டா வந்து சேர்ற நேரம் முன்ன பின்ன ஆகறது) கூட வரும்.

ஆனா அந்த கேபிபிஎஸ் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட வேகம்தான், லைன்ல நெஜமா ஓடினது இல்ல. 384ன்னு இருந்தா ஹெட்டர் (ஒவ்வொரு பேக்கெட்டோடயும் ஒட்டி வர்ற விலாச விவரம்) எல்லாம் சேத்து 20 சதவீதம் கூட்டி 460 பக்கம் வெச்சுக்கறதுதான் வழக்கம்.

மொத்த நிமிஷத்த கூட்டி ரிப்போர்ட் போடறதுல பெருசா பிரயோஜனம் இல்லைங்க, ஒரே நேரத்துல எத்தனை கால் ஓடுச்சுன்னு பாக்கணும். கால் ஆரம்பிச்சா ஒண்ணு கூட்டுங்க, முடிஞ்சா ஒண்ணு கழிங்க, எக்ஸெல்லயே வந்துடும். 10:00லேர்ந்து 10:40 வரைக்கும் ஒரு கால், 10:30லேர்ந்து 11:00 வரைக்கும் இன்னொண்ணு, ரெண்டுமே 384ன்னா நடுவுல அந்த 10 நிமிஷம் 920 பக்கம் போகுது, நமக்கு வேண்டியது அந்த உச்சம்தான். (டைம் உலகப் பொது நேரமான யூடிசில இருக்கா லோக்கல்லயான்னு பாத்துடுங்க.)

லாஸ் அதிகமான கால் எல்லாம் உச்ச நேரத்துலயே குவிஞ்சிருந்தா சரி, லைன் பத்தலன்னு சொல்லலாம், ஒரே ரூம்லேர்ந்து எந்நேரமும் வந்தா அந்த ரூம் கேபிள், வைஃபைய பாருங்க. பொதுவா கால் முடிஞ்சப்புறம்தான் ரெக்கார்ட் விழும், அதனால ஓடிட்டிருக்கற மீட்டிங்குக்கு லைவ் மானிட்டரிங்தான் வழி.