கணுக்கால் எக்ஸோ: மோட்டார் பூட்டும் வரைக்குமான வேலை

காலுக்கு வெளியே கட்டிக்கொண்டால் மோட்டார் நடக்க உதவும் வெளிக்கூடு (எக்ஸோஸ்கெலிட்டன், சுருக்கமாக எக்ஸோ) ஒன்றைச் செய்துவருகிறேன். வலது காலுக்கான சட்டகம் ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. மோட்டார் இன்னும் பூட்டவில்லை. கேபிளைக் கையால் இழுத்தால் பாதம் கீழே அழுந்துகிறது, விட்டால் திரும்புகிறது, மூட்டில் பக்கவாட்டு ஆட்டம் இல்லை. எக்ஸோஸ்கெலிட்டன் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு புரோகிராமும் சர்க்யூட்டும் இன்று தேடினால் கிடைத்துவிடும். அதை ஒரு மனிதக் காலில் எப்படி உட்காரவைப்பது என்பதற்குத்தான் வழிகாட்ட ஆளில்லை. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

நான் அடிப்படையாக எடுத்துக்கொண்டது ஓப்பன்எக்ஸோ. அமெரிக்காவின் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகக் குழு செய்தது. 2025இல் சயன்ஸ் ரோபாட்டிக்ஸ் இதழில் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம். அதன் கணுக்கால் அமைப்பில் மோட்டார் இடுப்பில் இருக்கும். அங்கிருந்து சைக்கிள் பிரேக் போல உறைக்குள் ஓடும் கேபிள் பாதத்தை இழுக்கும். காரணம் எளிது. ஒரு கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால் பெரிதாகத் தெரியாது. அதே ஒரு கிலோ பாதத்தில் ஏறினால் நடக்கச் செலவாகும் சக்தி ஏறக்குறைய 8 சதவீதம் கூடிவிடும். ஆகவே கணுக்காலுக்குக் கீழே வைக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். வரைபடத்தின் தத்துவத்தை வைத்துக்கொண்டு, அளவுகளை என் காலுக்கும் சென்னைப் பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும் தகட்டுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டேன்.

மூட்டு வேலை வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் நடந்தது. 6061 வகை அலுமினியத்தில் ஹவுசிங், அதாவது பேரிங் உட்காரும் கூடு. உள்ளே 6000 நம்பர் பேரிங் இரண்டு, நடுவில் 4 மி.மீ. ஸ்பேசர். ஒரே பேரிங் போட்டால் சட்டம் பக்கவாட்டில் ஆடும். இரண்டையும் தள்ளித்தள்ளி வைத்தால் நிற்கும். பேரிங்குக்கு 26 மி.மீ. போர் (துளை) கேட்டேன். பட்டறை அண்ணன் ஜாபைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, அலுமினியமா? வெயில்ல போர் லூஸாயிடும். கொஞ்சம் டைட்டா கடையறேன், சர்க்ளிப்பும் போட்டுக்கோ” என்றார். சர்க்ளிப் என்பது பேரிங் கழன்று வராமல் பிடிக்கும் வளையம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஸ்டீலை விட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 30 டிகிரி சூடு ஏறினால் அந்த அளவு போரில் வித்தியாசம் நூறில் ஒரு பங்கு மி.மீ.தான், ஆனால் அழுத்திச் செருகும் லேசான பிரஸ் ஃபிட்டின் பிடிப்பே அவ்வளவுதான் இருக்கும்! ஃபார்முலாவைத் தொடாமல் கை அனுபவத்திலேயே அவர் அதைச் சொல்லிவிட்டார்.

மூட்டை எந்த இடத்தில் வைப்பது என்பது அடுத்தது. உங்கள் காலையே தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பு, உள்பக்க எலும்பை விடக் கொஞ்சம் கீழேயும் பின்னாலும் இருக்கும். பாதம் திரும்பும் அச்சு அவ்விரண்டையும் ஒட்டிச் சாய்வாகத்தான் ஓடுகிறது. இருபுறமும் நேர்மட்டமாகக் கீல் வைத்தால் காலோடு அது சண்டை போடும். வெளிப்பக்கம் மட்டும் ஒரு மூட்டு, அந்த எலும்பின் முனைக்கு நேராக என்று முடிவு செய்தேன். சாய்வினால் வரும் சிறு அசைவைக் காலில் கட்டும் பட்டை ஏற்றுக்கொள்கிறது.

கேபிளில் எனக்கு நேரம் அதிகம் போனது. கணுக்காலில் 15 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்) வேண்டும், கேபிள் இழுக்கும் சக்கரமான புல்லியின் ஆரம் 40 மி.மீ. என்றால் கேபிளில் 375 நியூட்டன், அதாவது 38 கிலோ இழுவிசை வரும். உறைக்குள் உராய்வில் போவது இதற்கு மேல். அந்த உராய்வு கேபிளின் நீளத்தை விட, அது மொத்தம் எத்தனை டிகிரி வளைகிறது என்பதைத்தான் பொறுத்தது. வளைவு கூடக்கூட இழப்பு மடங்கு மடங்காக ஏறும். மீன் எடை போடும் தொங்கு தராசு இரண்டை வாங்கி, கேபிளின் இரு முனையிலும் மாட்டி இழுத்தேன். மோட்டாரைப் படுக்கையாக வைத்து, கேபிள் பக்கவாட்டில் கிளம்பிச் சுற்றிக் கீழே போனபோது மொத்த வளைவு 180 டிகிரி. 20 கிலோ இழுத்தால் கீழே 15.5தான் வந்தது. மோட்டார் தாங்கியைத் திருப்பி, கேபிள் நேரே கீழ்நோக்கிக் கிளம்பும்படி வைத்து வளைவைப் பாதியாக்கினேன். இப்போது 17.5 வருகிறது. செலவில்லாமல் கிடைத்த 2 கிலோ! ஏகே80-9 போன்ற மோட்டார் தொடர்ச்சியாகத் தரக்கூடிய முறுக்குவிசை 9 நியூட்டன் மீட்டர்தான். அங்கே இந்தச் சேமிப்பு மோட்டார் சூடாவதை நேரடியாகக் குறைக்கும்.

காலில் கட்டும் பட்டைக்கு என் குரு எங்கள் தெருவில், தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு அக்கா. சின்ன வயதில் போலியோ வந்து, அப்போதிலிருந்து காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டு நடப்பவர். நான் கெண்டைக்கால் சதைக்குக் கீழே பட்டை வைத்திருந்ததைப் பார்த்ததும், “அங்க நிக்காது தம்பி, நாலு எட்டு வெச்சா கணுக்காலுக்கு வந்துடும். சதைக்கு மேல ஏத்து, சதையே தாங்கிக்கும்” என்றார். பிறகு என் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் உருண்டு நிற்கும் எலும்பில் விரல் வைத்து, “இங்க மட்டும் எதுவும் படக்கூடாது. அழுத்துச்சுனா பாதம் மரத்துப்போயிடும்” என்றார். அது மருத்துவத்திலும் உண்மை: பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பு அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. நாள்பட அழுத்தினால் பாதம் தொங்கிப்போகக்கூடும். நடக்க உதவும் என்று கட்டிக்கொள்ளும் கருவி நடையைப் பறிக்கக் கூடாது அல்லவா? பட்டையின் அந்த ஓரத்தை அகலமாக வெட்டி விட்டிருக்கிறேன்.

பட்டையை மேலே ஏற்றியதால் வேறொரு நன்மையும் உண்டு. மூட்டிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதே 15 நியூட்டன் மீட்டருக்குக் காலில் 75 நியூட்டன் அழுத்தும், 30 செ.மீ. என்றால் 50தான். அந்த அழுத்தம் விழுவது முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பின் மேல். அங்கே சதை கிடையாது, தோலுக்கு அடியில் நேரே எலும்பு. எனவே மெத்தை முன்பக்கம்தான் கனமாக வேண்டும். 10 மி.மீ. ஈவிஏ ஃபோம், அதன் மேல் துளையிட்ட மெல்லிய தோல். முதலில் யோசித்த ரெக்ஸினை அக்கா கையில் வாங்கியதுமே திருப்பிக் கொடுத்துவிட்டார். “நம்ம ஊரு வேர்வைக்கு இதா?”

ஷூவுக்குள் அலுமினியத் தகடு. செருப்பு தைக்கும் பெரியவர் அடிப்பகுதியைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தார். தகடு பெருவிரலுக்குப் பின்னால் உள்ள மேட்டில் முடிந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் நீண்டால் விரல் மடங்காது, பின்னால் நின்றுவிட்டால் நெம்புகோல் குறைந்துவிடும்.

திருகுகள் எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். இங்கே கடல் காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆனால் ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். எனவே ஒவ்வொரு திருகையும் கிரீஸ் தடவித்தான் போட்டேன். 3டி பிரிண்டரில் அச்சிட்ட பாகங்களுக்குப் பெட்ஜி (PETG) பிளாஸ்டிக். இன்னொரு பிளாஸ்டிக்கான பிஎல்ஏ (PLA) 60 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும். மோட்டார் அருகே அதை வைக்க மனம் வரவில்லை.

அடுத்து, கணுக்கால் தன் எல்லையைத் தாண்டித் திரும்பாதபடி இரு பக்கமும் உலோகத் தடுப்பு வைக்க வேண்டும். புரோகிராம் என்ன சொன்னாலும் அந்தத் தடுப்பைத் தாண்டிப் பாதம் போகக் கூடாது. பட்டையின் பக்கிளும் ஒரே இழுப்பில் கழல வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். இரண்டும் முடிந்த பிறகுதான் மோட்டார் வாங்குவேன்.