புடோகானில் அந்த 30 விநாடி

வடசென்னையில் ஜூடோ கற்கும் பையன்களிடம் 1964 டோக்கியோ ஒலிம்பிக் எடை வரம்பு இல்லாத ஓப்பன் பிரிவு ஃபைனலைப் போட்டுக் காட்டினால், "ஆள் சைஸ பாருங்க மாஸ்டர், ஜெயிக்காம என்ன பண்ணுவாரு" என்பார்கள். நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் 1.98 மீட்டர் உயரம். எதிரே நின்ற ஜப்பானின் அகியோ கமினாகா அவரைவிடக் குட்டை. ஆனால் சைஸோடு கதையை முடித்துவிட்டால் அந்த ஆட்டத்தில் கற்க வேண்டியது கையை விட்டுப் போய்விடும்.

எடைப் பிரிவே இல்லாத காலத்தில், 1956இல் டோக்கியோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பிலும் கீசிங்க் இறங்கினார். அப்போதும் அதே உயரம்தான், கிடைத்தது மூன்றாம் இடம். பட்டம் ஜப்பானின் ஷோகிச்சி நத்சுயிக்கு. பிறகு ஜப்பானுக்கே போய் தென்ரி பல்கலைக்கழகத்தில் பயிற்சி எடுத்தார். 1961 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பானின் கோஜி சோனேயை வீழ்த்தி, ஜப்பானியர் அல்லாத முதல் உலக சாம்பியன் ஆனார். இடையில் வளர்ந்தது உயரம் இல்லை, தரை ஆட்டம்.

1964 டோக்கியோவில் மற்ற மூன்று எடைப் பிரிவுகளிலும் தங்கம் ஜப்பானுக்கே. மிச்சம் இருந்தது ஓப்பன். முதல் சுற்றுகளிலேயே நடுவர் தீர்ப்பில் கீசிங்கிடம் தோற்ற கமினாகா, தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தரும் ரெபசாஜ் சுற்று வழியாக ஃபைனலுக்குத் திரும்பி வந்தார். அக்டோபர் 23, நிப்பான் புடோகான் அரங்கம். 9 நிமிடம் 22 விநாடியில் ஆட்டம் முடிந்தது, எதிராளியை மல்லாக்கத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் கேசா கதாமே பிடியில், கீசிங்குக்கு வெற்றி.

வீடியோவில் கீசிங்கின் முகத்தைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். வலப்பக்கப் பிடி என்று வைத்துச் சொல்கிறேன். எதிராளியின் வலது அக்குளை ஒட்டி இடுப்பு தரையில் உட்கார வேண்டும், நடுவில் கை நுழையும் இடம்கூட இருக்கக் கூடாது. வலது கை கழுத்தைச் சுற்றும். இடது கை அவருடைய வலது ஸ்லீவை முழங்கைக்கு மேலே பிடித்து, அந்தக் கையை உங்கள் அக்குளில் இறுக்கும். வலது கால் முன்னே, இடது கால் பின்னே, நன்றாக விரித்து. தலையைத் தாழ்த்தி, விலா எலும்பால் அவர் நெஞ்சை அழுத்துங்கள்.

பிடி கழன்று போவதற்குப் பெரும்பாலும் ஸ்லீவ்தான் காரணம். அது தளர்ந்தால் அவர் முழங்கையைத் தரைக்கு இழுத்து, உங்கள் பக்கம் திரும்பி முட்டி போட்டுவிடுவார். முன்னால் அதிகம் சாய்ந்தால் இடுப்பைத் தூக்கி வளைந்து, அதாவது பிரிட்ஜ் போட்டு, உங்களைத் தன் மேலாகவே அந்தப் பக்கம் உருட்டுவார். பின்னால் சாய்ந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பின்கால் அவர் கால்களுக்கு எட்டும் தூரத்தில் கிடந்தால் பின்னிப் பிடிப்பார், நடுவர் 'தோக்கேதா' (பிடி கழன்றது) சொல்லிவிடுவார், அதுவரை ஓடிய விநாடிகளோடு பிடி போச்சு. அவர் நகர்ந்தால் கூடவே நகருங்கள், அவர் உடம்போடு உங்கள் கோணம் மாறக் கூடாது. நீளக்கால் கீசிங்குக்கு இங்கே உதவியது உண்மைதான், அடித்தளம் அகலமாகக் கிடைக்கிறது. ஆனால் இடுப்பில் சந்து விட்டிருந்தால் அந்தக் காலாலும் பயனில்லை.

நம் பக்கப் பிள்ளைகளுக்கு இன்னொரு பழக்கம் குறுக்கே நிற்கிறது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்று எங்கு திரும்பினாலும் பாக்சிங் ஊறிய தெருக்கள். சார்பட்டாவா இடியாப்ப நாயக்கரா என்று பரம்பரை பேசி வளர்ந்தவர்களுக்குக் கீழே விழுவது என்றாலே தோல்வி. அதனால் த்ரோ பாதியில் நின்றதும் எழுந்து நிற்கப் பார்க்கிறார்கள், தரையில் தொடர வேண்டிய இடத்தில் எதிராளிக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறார்கள்.

கூடவே மே மாதப் புழுக்கம். ஷட்டர் போட்ட ஹாலில் அரை மணி நேரத்தில் ஜூடோகி, அதாவது ஜூடோ உடை, நனைந்து கனத்துவிடும், ரெக்சின் மேட் வழுக்கும். நனைந்த ஸ்லீவை விரல் நுனியால் பிடித்தால் நிற்காது. துணியைக் கொத்தாகச் சேர்த்து சுண்டுவிரல், மோதிர விரல் பக்கம் இறுக்குங்கள். மேட்டை ரவுண்டுக்கு ரவுண்டு துடையுங்கள். இரண்டு மேட் சேரும் இடத்தில் சந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், கால்விரல் மாட்டினால் ஒரு மாதம் போய்விடும்.

அன்று ஆட்டத்தை அங்கேயே முடிக்கும் இப்பானுக்கு (முழுப் புள்ளி) 30 விநாடி பிடிக்க வேண்டும். இப்போது 20 போதும், 10 தாண்டினாலே வாசாரி (அரைப் புள்ளி). பயிற்சியில் 30க்கே பிடியுங்கள். 20க்குப் பழகுகிறவர்களுக்குப் பதினெட்டில் கை தளர்கிறது.