உப்பின் வெள்ளையை அச்சேற்றிய கதை

தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய என் புகைப்பட நூல் வந்ததிலிருந்து, எப்படிச் செய்தீர்கள், எவ்வளவு ஆனது என்று கேட்காத நண்பர்கள் குறைவு. பின்னால் பதிப்பகம் எதுவும் இல்லை. 96 பக்கம், கெட்டி அட்டை, 400 பிரதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேமரா, லென்ஸ் பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அதைச் சொல்ல ஏற்கெனவே நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்.

பொதுவாக இதைச் செய்யும் வரிசை ஒன்று உண்டு. படம் எடுப்பது, நூலாக்குவது, அப்புறம் நகரத்தில் ஒரு கூடம் பிடித்துக் கண்காட்சியும் வெளியீட்டு விழாவும் வைப்பது. நான் கண்காட்சியை முதலில் வைத்தேன், அதுவும் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில். நூல் அப்போது அச்சுக்கே போகவில்லை. இதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. அச்சுக்குப் பணம் சேரவில்லை, படங்கள் கையில் இருந்தன, அவ்வளவுதான். ஆனால் நூலில் இன்று உருப்படியாக இருப்பவற்றில் பாதி அந்தக் கண்காட்சியில் இருந்து வந்தவை.

அதற்கு முன் தேர்வு. சில ஆண்டுகளாக எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் 96 பக்கம் எத்தனையைத் தாங்கும்? எழுபதைத் தாண்டினால் மூச்சுமுட்டும். கணினித் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஒத்துவராது. லேபில் கொடுத்து அஞ்சலட்டை அளவில் மலிவாகப் பிரதி போட்டு வீட்டுத் தரையில் பரப்பினேன். திரையில் அசத்திய படம் தரையில் பக்கத்துப் படத்தோடு சண்டை போடும். ஒன்றுமில்லை என்று ஒதுக்கியது இரண்டு படங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நான் முதலில் அடுக்கிய வரிசை நிறத்தை வைத்து வந்தது. உப்பளத்து நீர் செறியச் செறிய, அதில் வாழும் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பாக மாறும். அந்தப் பாத்திக்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் இளஞ்சிவப்புச் சேலை, வெள்ளை அம்பாரத்துக்கு எதிரே தலையில் கட்டிய வெள்ளைத் துண்டு என்று அடுக்கியிருந்தேன். புகைப்பட நண்பர்கள் பார்த்துவிட்டு "அருமை" என்றார்கள். அவர்களிடம் மட்டும் காட்டினால் கடைசிவரை கிடைப்பது இந்த "அருமை"தான்.

முள்ளக்காட்டில் பொங்கலை ஒட்டி சாமியானா போட்டோம். ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அதன் பளபளப்பு வெயிலில் கண்ணைக் கூசும், கடற்காற்றில் பாய்மரமாகிக் கம்பையும் பிடுங்கிக்கொண்டு போகும். துணியில் அச்சிடும் கடைகள் இப்போது எல்லா ஊரிலும் உண்டு. மூன்றடிக்கு இரண்டடித் துணி, மேலும் கீழும் கம்பு நுழைய மடித்துத் தையல், நைலான் கயிறு. துணியில் நுணுக்கம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஆட்கள் பொழுது சாய்ந்துதான் வருவார்கள் என்பதால் குழல் விளக்குகளுக்குத்தான் கூடுதல் செலவு.

வந்தவர்கள் யாரும் நிறத்தைப் பார்க்கவில்லை. படங்களை வேலையாகப் படித்தார்கள். நாற்பது வருடமாக அளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிட்டார். "தம்பி, இங்கன உப்ப வாரிக் குமிச்சாச்சு. அடுத்த படத்துல இப்பதான் பாத்தி மிதிக்கோம். முன்ன பின்ன கெடக்கே?" என்றார். தை மாதம் பாத்தியைச் செப்பனிட்டுக் காலால் மிதித்து இறுக்குவார்கள். அப்புறம் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை இறைத்து, பாத்தி பாத்தியாக மாற்றிச் செறிவேற்றுவார்கள். நீரின் செறிவு போமே அளவில் 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்கும். சித்திரை வெயில், ஆனி ஆடிக் காற்று, வாருவது, குவிப்பது, ஐப்பசி மழை வந்ததும் எல்லாம் நின்றுபோவது. இது அவர்களுக்கு நாட்காட்டி. என் வரிசையில் ஆடி முடிந்து தை வந்தது, தைக்கு அப்புறம் சித்திரைக்குப் பதில் புரட்டாசி. படம் ஒவ்வொன்றும் எந்த மாதம் எடுத்தது என்பதைப் பாத்தியைப் பார்த்தே சொன்னார்கள். இரண்டு இடத்தில் என் குறிப்பேட்டில் இருந்த மாதத்தைவிட அவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது, கோப்பில் பதிவான தேதியைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

நிற வரிசையைக் கலைத்துவிட்டேன். நூல் தையில் தொடங்கி மழையில் முடிகிறது. கடைசிப் பகுதி 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் அளங்களும் குவித்து வைத்திருந்த உப்பும் என்ன ஆயின என்பதை எங்கள் பகுதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கண்காட்சியால் நடந்த இன்னொன்று இதைவிட முக்கியமானது. படம் எடுக்கும்போதே எல்லோரிடமும் கேட்டுத்தான் எடுத்தேன், ஒப்புதல் தாளையும் வாசித்துக் காட்டி வாங்கியிருந்தேன். இருந்தாலும் கேமராவுக்கு முன்னால் சரி என்று சொல்வதும், மூன்றடித் துணியில் தன் முகம் ஊருக்கு நடுவே தொங்குவதைப் பார்த்துச் சரி என்று சொல்வதும் ஒன்றல்ல. ஓர் அக்கா என்னைத் தனியாக அழைத்துப்போய், "எய்யா, எங்க பின்னால பம்ப்செட்டு மேல அளத்துப் பேரு தெரியுது. அந்த அளத்துல மறுபடி வேலைக்குக் கூப்பிட மாட்டாக" என்றார். அவர் வெடித்த பாதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் படம் அது. சாமியானாவில் இருந்து அன்றே இறக்கினோம், நூலிலும் இல்லை. பேரை அழித்துவிட்டுப் போடலாமே என்று யோசனை சொன்னார்கள். ஆவணமாக எடுத்த புகைப்படத்தில் எழுத்தை அழிக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? படமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சரி, அச்சுக்கு வருவோம். இரட்டை கிரவுன் தாளில், அதாவது 20-க்கு 30 அங்குலத்தில், ஒரு பாரத்துக்கு (இரு புறமும் அச்சிட்டு மடிக்கும் ஒரு முழுத் தாள்) 16 பக்கம். ஆறு பாரம் என்றால் 96. படங்கள் பெரும்பாலும் கிடைமட்டம் என்பதால் நூலையும் படுக்கை வாட்டத்தில் வைத்தேன். இதற்குத் தாளின் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக அமையும்படி முன்கூட்டியே சொல்லி வாங்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் விறைத்து நிற்கும். வண்ணம் என்றால் நான்கு நிறத்துக்கும் தாளின் இரு புறத்துக்குமாக ஒரு பாரத்துக்கு எட்டு பிளேட், அதாவது அச்சுத் தகடு. வெள்ளப் பகுதியை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கித் தனிப் பாரமாக, பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் போட்டேன். அதற்கு இரண்டே பிளேட். 48 பிளேட் 42 ஆனது, படங்களின் இறுக்கமும் கூடியது. தாளை மாற்ற நினைப்பவர்கள் பாரக் கணக்கில் யோசித்தால் செலவு ஏறாது. நடுவில் நாலு பக்கம் மட்டும் வேறு தாள் வேண்டும் என்றால் பைண்டிங்காரர் முகம் சுருங்கும், நியாயம்தான்.

பெரிய பிரச்சினை உப்புதான். நண்பகல் வெயிலில் உப்பு அம்பாரத்தைத் திரையில் பார்க்கிறோம், ஒளிர்கிறது. வழக்கமான நான்கு வண்ண அச்சில் வெள்ளை என்ற மையே கிடையாது, படம் முழுக்க நுண்ணிய மைப் புள்ளிகள்தான். படத்தில் முழு வெள்ளையாக இருக்கும் இடத்தில் ஒரு புள்ளிகூட விழாது, வெறும் தாள் தெரியும். முதல் ப்ரூஃபில் அம்பாரத்தின் உச்சி இருந்த இடத்தில் பக்கத்தில் ஓட்டை விழுந்தது போல இருந்தது. அதுவும் வண்ணப் பக்கங்களுக்கு எடுத்த மேட் ஆர்ட் என்ற பூச்சுத் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளால் லேசாக ஒரு நீலம் அடிக்கும். நம் ஊர் உப்போ, புதிதாக வாரியது, மண்ணோடு வந்தது, ஒரு மழை பார்த்தது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. ஒவ்வொரு படத்திலும் மிக வெளிச்சமான உப்பில் மூன்று நான்கு சதவீதமாவது புள்ளி நிற்கும்படி திருத்தினேன். படம் திரையில் மங்கலாகத் தெரியும், மனசு கேட்காது. ஆனால் தாளில் உப்புக்குப் பரல் வந்தது. பக்கத்து ஓரத்தில் உள்ள வெறும் தாள் உப்பைவிட ஒரு படி வெண்மையாக இருப்பதால், படத்துக்குச் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டது இங்கே எதிராக வேலை செய்தது. சில படங்களைப் பக்கத்தின் விளிம்புவரை ஓடவிட்ட பிறகுதான் உப்பு மறுபடி வெளுத்தது. இந்த வேலைக்குப் போன நேரம் படம் எடுக்கப் போனதற்குக் குறைவில்லை என்றுகூடச் சொல்வேன்.

சிவகாசியில் அச்சிட்டேன். அங்கே போகிறவர்கள் காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். அதற்கப்புறம் 400 பிரதி வேலைக்கு இயந்திரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனிக்குள் முடித்துக்கொண்டோம். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கொட்டேஷன் வாங்கும்போதே பேசிவிடுங்கள். ஒரே தாளில் எட்டுப் பக்கம் இருப்பதால், இளஞ்சிவப்புப் பாத்திக்கு மெஜந்தா மையை ஏற்றினால் தாளில் அதே நெடுக்கு வரிசையில் உள்ள முகமும் சிவக்கும். எது முக்கியம் என்று அந்த நிமிடத்தில் முடிவெடுக்க நாம்தான் அங்கே இருக்க வேண்டும். நான் எப்போதும் முகத்தின் பக்கம்தான் நின்றேன். தையல் பைண்டிங் வேறோர் இடத்தில் நடந்தது. முதல் கட்டுப் பிரதிகளைப் பசை காயும் முன்னே அட்டைப்பெட்டியில் அடைத்துவிட்டதால் அட்டைகள் வளைந்துவிட்டன. திருப்பி அனுப்பினேன், கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள்.

அலுவலக வேலைகள் பயந்த அளவுக்கு இல்லை. நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியே தருகிறது. தனிநபரும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும், 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் அச்சு வேலைக்கு உண்டு. நாம் கட்டிய வரியை யாரிடமும் திரும்பப் பெற வழியில்லை, அடக்க விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடக்க விலை என்றதும் கணக்கு. மொத்தம் 2,20,000 ரூபாய், பிரதிக்கு 550. விலை 900 வைத்தேன். கடைக்கு 40 சதவீதம் கழிவு போனால் என் கைக்கு 540. அதாவது கடையில் ஒரு பிரதி விற்றால் எனக்குப் பத்து ரூபாய் நட்டம். விலையை 1,200 ஆக்கியிருக்கலாம், ஆனால் தமிழில் படிக்கும் ஒருவர் புத்தகக் கடையில் அந்த விலையைப் பார்த்தால் மெதுவாகத் திரும்ப அடுக்கில் வைத்துவிடுவார், நானும் அதைத்தான் செய்வேன். முன்பதிவில் 700 ரூபாய்க்கு 150 பிரதி போனது, அதில்தான் அச்சகத்துக்கு முன்பணம் கட்டினேன். 50 பிரதி படத்தில் இருக்கும் குடும்பங்களுக்கும் நூலகங்களுக்கும். மீதி 200-ல் கடைக்கு முப்பதை மட்டும் கொடுத்தேன், பார்வைக்கு இருக்கட்டும் என்று. மற்றவை கண்காட்சிகளில் நேரடி விற்பனை. முதல் திரும்பிவிட்டது. என் உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தக் கண்காட்சிகளில் ஒன்று சென்னையில். படங்களுக்கு மரச்சட்டம் போடக் கேட்ட தொகையில் இன்னொரு பாரமே அச்சிடலாம். 2019 சென்னை ஃபோட்டோ பினாலே புகைப்பட விழாவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் போன்ற இடங்களில் படங்கள் விரிந்திருந்ததை நினைத்துப் பெருமூச்சு விடலாம், அந்த வசதி தனி ஆளுக்கு வராது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மாதிரி வாடகைக்குக் கிடைக்கும் கூடங்கள் உண்டு, ஆனால் சுவர் பெரிது, நிரப்ப வேண்டும். அப்போதுதான் அச்சகத்தில் இருந்து கேட்டு வாங்கி வந்திருந்த தாள்கள் நினைவுக்கு வந்தன. நிறம் சரியாகும்வரை ஓட்டி ஒதுக்கும் முழுத் தாள்கள், வெட்டாதவை. ஒரு தாளில் எட்டுப் பக்கம், பாதி தலைகீழாக. அவற்றையே பைண்டர் கிளிப்பில் சுவரெங்கும் தொங்கவிட்டு, நடுவில் ஒரு மேசையில் நூல்களை வைத்தேன். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் 2008-லேயே மடிப்பு மடிப்பாக விரியும் ஏழு சிறு நூல்களை ஒரு பெட்டியில் கொண்டுவந்தார், விரித்து நிறுத்தினால் அதுவே கண்காட்சி. அதைப் போலச் செய்ய எனக்கு வசதி இல்லை, யோசனை மட்டும் அங்கிருந்து. வந்தவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தாளைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் நூலில் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். தேடியவர்களில் நிறையப் பேர் வாங்கினார்கள்.

வெளியூருக்கு அஞ்சலில்தான் அனுப்புகிறேன். நூல்களை மலிவாக அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல் துறை நிறுத்தியபோது சின்னப் பதிப்பாளர்கள் எல்லோரும் கலங்கினோம். அதற்குப் பின் 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட் என்ற நூல் அஞ்சல் சேவையில் 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய்வரை கட்டணம், கெட்டி அட்டை நூலுக்குக் கட்டுப்படியாகிறது. மூலைகளுக்கு அட்டை மடித்து வையுங்கள்.

இப்போது கையில் அறுபது பிரதி. இரண்டாம் அச்சு இல்லை, பிளேட்டுகள் அலுமினிய விலைக்குப் போய்விட்டன. துணிப்படங்கள்தான் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. அடுத்து வேதாரண்யத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்த ஊர் அளக்காரர்கள் வரிசையைப் பார்த்து என்ன சொல்லப்போகிறார்களோ, தெரியவில்லை. ஒரு குறிப்பேடு எடுத்துப்போகிறேன்.