அம்மாவின் காணிக்கைக் கவர்

காவேரிப்பட்டணத்துத் தோப்பில் பெங்களூரா மாங்காய் இறக்கி, கூழ் ஆலையிலிருந்து பணம் வந்ததும் அம்மா பத்தில் ஒரு பங்கை எண்ணி வெள்ளைக் கவரில் போட்டுவிடுவார். ஓரத்தில் பென்சிலால் தொகை, மாதம். பறிகூலியும் பூச்சிமருந்துக் கடைப் பாக்கியும் அதற்குப் பிறகுதான்.

இந்த வருடம் விலை விழுந்தது, கவரும் மெலிந்தது. அந்த ஞாயிறு தேவாலயத்தில் பைபிளின் மல்கியா 3-ஆம் அதிகாரத்தை வாசித்து, குறைத்துக் கொடுப்பவர் தேவனை வஞ்சிக்கிறார் என்று பிரசங்கித்தார்கள். அம்மா இரவு சாப்பிடவில்லை. எனக்கு மனம் ஆறவில்லை.

பைபிளை எடுத்துக்கொண்டு அவர் அருகில் உட்கார்ந்தேன். எண்ணாகமம் 18-இல் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, நிலப்பங்கு இல்லாமல் தேவனுடைய பணிவிடை செய்த லேவியருக்கு. உபாகமம் 14-இல் அதைக் கர்த்தரின் சந்நிதியில் குடும்பத்தோடு புசிக்கச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருடத்தில் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் உண்டு திருப்தியாக வேண்டும். அம்மாவே விதவை! இந்தப் பகுதியை ஏன் பிரசங்கிப்பதில்லை? ஆபிரகாம் மோசேயின் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆசாரியரான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தாரே என்பார்கள். அது போரில் மீட்டுவந்த பொருளிலிருந்து கொடுத்தது. அப்போஸ்தலர் பவுலோ 2 கொரிந்தியர் 9:7-இல் சதவீதமே சொல்லவில்லை. விசனமும் கட்டாயமும் இல்லாமல், மனதில் நியமித்தபடி என்கிறார்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொடுப்பது எனக்குச் சந்தோஷம்தான் கண்ணு. பயமுறுத்தினால்தான் கை நடுங்குகிறது."

மறுநாள் கவரில் பாதி எதிர்வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போனது. மீதி, வழக்கம்போல் காணிக்கைப் பைக்கு.