சென்ட்ரிங் பிரிக்கும் நாளை யார் முடிவு செய்வது?

தொழிற்சங்கம் வந்தால் வேலை இழுக்கும் என்று கான்ட்ராக்டர்கள் பலர் சொல்வதுண்டு. கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் முட்டும் ஷீட்டும்தான் சென்ட்ரிங்; அதைப் பிரிக்கும் நாளில் வந்து பாருங்கள்.

முட்டுக்கும் ஷீட்டுக்கும் வாடகை நாள் கணக்கில் ஓடும். அதனால் ஐந்தாம் நாளே "பிரிச்சுடுங்கப்பா" என்று நெருக்கடி வரும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000-ன்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டில் போட்ட தளத்துக்கு, தாங்கல்களின் இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். பி.பி.சி. (போஸலானா கலந்த) சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும், அதற்கு இன்னும் கூடுதல் நாள் விட வேண்டும்.

பிரிக்கும் வரிசையும் முக்கியம். சாதாரண தளத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும். பால்கனி, சன்ஷேடு போன்றவற்றில் நுனியிலிருந்து சுவர்ப் பக்கமாக. மாற்றிக் கழற்றினால், கம்பி இல்லாத பக்கத்தில் இழுவிசை விழுந்து விரிசல் விடும்.

இதெல்லாம் சென்ட்ரிங் ஆளுக்குத் தெரியும். ஆனால் தனி ஆளாகச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. சங்கப் பிரதிநிதி சொன்னால் வேலை செய்யும் மொத்த செட்டும் கை நிறுத்தும். 1996-ம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் மத்தியச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பைவிடக் குறையக்கூடாது என்றும் சொன்னது. கான்கிரீட் போட்ட தேதியைப் பக்கத்துத் தூணில் பெயின்டால் எழுதச் சொல்லிப் பிரதிநிதி கேட்கட்டும். நாள் கணக்கில் தகராறே வராது.